அகதி முகாமின் முதல் வாரங்களில் தண்ணீரும் கழிப்பறையும் அமைப்பது எப்படி

போருக்குத் தப்பி எல்லை தாண்டி வந்தவர்களுக்கு உதவப் போகிறவர்கள் முதலில் அரிசியையும் போர்வையையும்தான் நினைக்கிறார்கள். அவை தேவைதான், ஆனால் நெரிசலான முகாமில் வயிற்றுப்போக்கு பரவிவிட்டால் பசியைக் காட்டிலும் விரைவாக உயிர் போகும். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் சில நாட்களுக்குள் அன்றைய ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகரில் வந்து குவிந்தபோது, அங்கிருந்த எரிமலைப் பாறையில் கழிப்பறைக் குழி வெட்டவே இயலவில்லை. மக்கள் கிவு ஏரித் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். காலராவும் சீதபேதியும் பரவி, முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் இறந்தனர். அதன் பிறகே, 1997இல், உதவி நிறுவனங்கள் கூடி 'ஸ்பியர்' எனப்படும் குறைந்தபட்சத் தர அளவுகளை வகுக்கத் தொடங்கின. கீழுள்ள கணக்குகள் அவற்றை ஒட்டியவை.

முதலில் தலைக்கணக்கு எடுங்கள். முழுப் பதிவு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குடிசைகளை எண்ணி, சிலவற்றில் எத்தனை பேர் என்று கேட்டுப் பெருக்கிக்கொண்டாலே வேலையைத் தொடங்கிவிடலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் எனில் 10,000 பேருக்கு 1,50,000 லிட்டர். 250 பேருக்கு ஒன்று வீதம் 40 குழாய்கள். அடிபம்பு எனில் 500 பேருக்கு ஒன்று. தண்ணீர் எந்தக் குடிசைக்கும் 500 மீட்டருக்குள் கிடைக்க வேண்டும். வரிசை அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், குடத்தோடு நிற்கும் சிறுமி பக்கத்துக் குட்டையில் மொண்டுகொண்டு போய்விடுவாள்.

ஆற்று நீரோ குட்டை நீரோ எனில், படிகாரம் இட்டுக் கலங்கல் தெளிந்த பின்னரே குளோரின் சேர்க்க வேண்டும். கலங்கிய நீரில் மருந்து வீணாகிவிடும். அரை மணி நேரம் கழித்துச் சிறு குழலில் நீர் எடுத்துச் சோதனை மாத்திரையைப் போட்டால், குளோரின் மிஞ்சியிருக்கும் அளவுக்கேற்ப இளஞ்சிவப்பு நிறம் ஏறும். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. இந்தச் சோதனையைக் குழாயடியோடு நிறுத்திவிடாமல், குடிசைக்குள் இருக்கும் குடத்திலும் செய்து பாருங்கள். குழாயடியில் சிவந்த நீர் குடத்தில் நிறமே காட்டாவிட்டால், வாய் அகன்ற பாத்திரத்தில் கைவிட்டு மொள்கிறார்கள் என்று ஊகிக்கலாம். ஆகவே தண்ணீர் தூக்கி வர ஒன்று, சேமித்து வைக்க மூடியுள்ள குறுகிய வாய்க் கலன் ஒன்று என ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு கொடுங்கள். சோப்பையும் மறக்க வேண்டாம்.

கழிப்பறை தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, கூடிய விரைவில் 20 பேருக்கு ஒன்று. குழி, நீர் எடுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். 2017 ஆகஸ்ட் 25க்குப் பின் மியான்மரிலிருந்து 7,00,000க்கும் அதிகமான ரோகிங்கியா மக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்துக்கு ஓடிவந்தபோது, குதுபலாங் குன்றுகளில் ஆழமற்ற குழாய்க் கிணறுகளும் கழிப்பறைகளும் நெருக்கமாக அமைந்து, பல கிணறுகளின் நீர் கெட்டது. அவசரம் புரிகிறது, ஆயினும் எண்ணிக்கையைக் காட்டுவதற்காகத் தோண்டும் குழி, எண்ணிக்கையில் மட்டுமே கழிப்பறை. குழி நிரம்பினால் கழிவை யார் அள்ளுவார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்பதைத் தோண்டும் முன்பே முடிவு செய்யுங்கள்.

இடத்தை முடிவு செய்வதற்கு முன் பெண்களைத் தனியே சந்தித்து, அவர்களோடு அந்த வழியை இருட்டிய பிறகு ஒருமுறை நடந்து பாருங்கள். உள்தாழ்ப்பாளும் விளக்கும் இல்லாத கழிப்பறைக்கு இரவில் போக அஞ்சும் பெண்கள், மாலைக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். மாதவிடாய்த் துணியை அலசவும் பிறர் கண்ணில் படாமல் உலர்த்தவும் மறைவிடம் எங்கே வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டு, அந்த இடத்தில் முளை அடித்த பிறகு மண்வெட்டியை எடுங்கள்.