பெரிய ரூம் யாருக்கு, வாடகை எவ்வளவு?

சென்னையில் நானும் நண்பனும் முதன்முதலாக வீடு எடுத்தபோது, "ஆளுக்குப் பாதி மச்சான், இதுல என்ன கணக்கு?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம். அவனுக்கு அட்டாச்டு பாத்ரூமோடு பெரிய அறை. எனக்கு மேற்கு வெயில் முழுக்கச் சுவரில் இறங்கும் சின்ன அறை. ஏப்ரல் வந்ததும் நான் ஹாலில் படுக்க ஆரம்பித்தேன். வாய் திறந்து கேட்கவும் கூச்சம். பாத்திரம் கழுவவில்லை, பால் வாங்கவில்லை என்று வேறு எதற்கெல்லாமோ சண்டை வந்தது.

அதற்குப் பிறகு எந்த வீடு எடுத்தாலும், சாமான் இறக்குவதற்கு முன்பே கணக்கை முடித்துவிடுகிறேன். இரண்டு படுக்கையறை, மாத வாடகை 24,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு செய்து பார்ப்போம்.

1. டேப் வைத்து அளங்கள்

புரோக்கர் சொல்லும் 850 சதுர அடியை நம்பி இறங்காதீர்கள். சுவர், படிக்கட்டு, லிஃப்ட் எல்லாவற்றிலும் நம் பங்கு அதில் சேர்ந்திருக்கும். உள்ளே புழங்கும் இடத்தை மட்டும் அளந்து எழுதுங்கள். நம் கணக்குக்கு: பெரிய அறை, அதன் பாத்ரூமோடு 180. சின்ன அறை 120. ஹால், சமையலறை, பொது பாத்ரூம் சேர்ந்து 300. மொத்தம் 600 சதுர அடி. அப்படியென்றால் சதுர அடிக்கு 40 ரூபாய்.

2. பொது இடம் தலைக்கு, அறை அவரவருக்கு

பொது இடத்தின் வாடகை 12,000. ஆளுக்கு 6,000. பெரிய அறைக்கு 7,200, சின்ன அறைக்கு 4,800. ஆக, பெரிய அறைக்காரர் 13,200, சின்ன அறைக்காரர் 10,800.

பெரிய அறையில் கணவன் மனைவியாக இரண்டு பேர் வந்தால் பொது இடத்தை மூன்றாக வகுக்க வேண்டும்: அவர்கள் இருவருக்கும் சேர்த்து 15,200, தனி ஆளுக்கு 8,800.

3. இப்போது அந்த எண்ணைச் சந்தேகப்படுங்கள்

டேப்புக்கு வெயில் தெரியாது. பக்கத்து அறையில் ஓடும் தண்ணீர் மோட்டாரின் சத்தமும் தெரியாது. ஒருவருக்கு பால்கனி உயிர். இன்னொருவர் அதைத் துணி காயப்போட மட்டும் திறப்பார். அதனால் அளவுக் கணக்கோடு நிற்காமல் இதையும் செய்யுங்கள்.

இரண்டு பேரும் தனித்தனிச் சீட்டில், ஒருவருக்கொருவர் காட்டாமல், இரண்டு அறைக்கும் தங்கள் மனசுக்குச் சரியென்று படும் வாடகையை எழுத வேண்டும். கூட்டினால் 24,000 வரவேண்டும். அது ஒன்றுதான் விதி.

நான் பெரியதற்கு 13,500, சின்னதற்கு 10,500 எழுதுகிறேன். நண்பர் பெரியதற்கு 14,400, சின்னதற்கு 9,600 எழுதுகிறார். பெரிய அறைக்கு அதிகம் எழுதியவர் அவர், எனவே அறை அவருக்கு. வாடகை? இரண்டு எண்ணுக்கும் நடுவில், 13,950. எனக்குச் சின்ன அறை 10,050-க்கு. அவர் 14,400 பெறும் என்று நினைத்த அறை 450 குறைவாகக் கிடைத்தது. 10,500 கொடுக்கத் தயாராக இருந்த எனக்கும் அதே 450 மிச்சம். இருவரும் ஒரே தொகையை எழுதினால் பூவா தலையா போட்டுக்கொள்ளுங்கள். எந்த அறை வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

சீட்டு எழுதுவது விளையாட்டாகத் தோன்றினால் பழைய வழி இருக்கிறது: வீட்டில் ஒரே அதிரசத்தை ஒரு பிள்ளை பிட்டால், மற்றது முதலில் எடுக்கும். அதேபோல ஒருவர் இரண்டு அறைக்கும் விலை போடட்டும், மற்றவர் அறையைத் தேர்ந்தெடுக்கட்டும். ஆட்கள் கூடினால் இது சிக்கலாகும். ஆனாலும் ஒருவர் அறையைப் பார்த்து இன்னொருவர் ஏங்காதபடி வாடகையைப் பிரித்துவிட முடியும் என்று, சில எளிய நிபந்தனைகளோடு, பிரான்சிஸ் சூ என்ற கணிதப் பேராசிரியர் 1999-இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

4. அட்வான்ஸ்

இதை மறந்துவிட்டுப் பாதிப் பாதி போடுகிறவர்கள் அதிகம். வாடகை எந்த விகிதமோ அட்வான்ஸும் அதே விகிதம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. மூன்று மாதம் 72,000. அவர் 41,850, நான் 30,150. பத்து மாதம் கேட்கும் ஓனரும் இன்னும் இருக்கிறார்; அங்கே இந்த வித்தியாசம் பெரிய தொகையாகிவிடும்.

5. கரண்ட் பில்

வைஃபை, தண்ணீர் கேன், கேஸ் எல்லாம் சமமாகப் போகட்டும். ஏசியை மட்டும் தனியாகப் பிரியுங்கள். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். போதாததற்கு, நம் ஊரில் யூனிட் கூடக்கூட யூனிட் விலையும் ஏறுகிறது. ஏசி ஓடாத மாதங்களின் பில்லை அடிப்படையாக வைத்து அதைச் சமமாகப் பிரித்து, அதற்கு மேல் வருவதை ஏசிக்காரர் கட்டட்டும். அதிலும் தகராறு வந்தால் ஏசிக்கு ஒரு சப் மீட்டர் போட்டுவிடலாம்.

6. எழுதி வையுங்கள்

யார் எவ்வளவு, யார் காலி செய்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அட்வான்ஸை யார் திருப்பித் தருவது. ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும், எதிர்ப்பக்கமிருந்து "சரி" என்று பதில் வந்தால். ஓனரோடு போடும் அக்ரிமென்டில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். வாடகை ரசீதையும் அவரவர் பங்குக்குத் தனித்தனியாக வாங்குங்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், ஆபீஸில் எச்ஆர்ஏ (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) காட்டும்போது மற்றவர் முழிக்க வேண்டியிருக்கும்.