தண்ணீருக்கு அடியில் கட்டையில் போட் மோதினால்

பங்குனி மாதம். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் உச்சத்தில் இருந்த நேரம். இலங்கை மலையகத்தில், மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் மஸ்கெலியாக் கரையிலிருந்து எதிர்க்கரைத் தோட்டத்துக்கு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனேன். 16 அடி ஃபைபர் போட், பின்னால் 15 குதிரைவலு இஞ்சின். நடுவழியில் 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். இஞ்சின் ஒரு தரம் மேலே எகிறி விழுந்தது. போட் நிற்கவில்லை, தண்ணீர் ஏறவில்லை, யாருக்கும் அடியில்லை. ஒன்றுமில்லை என்று நினைத்து அப்படியே ஓட்டிப் போய், வந்து, கரையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். கட்டும்போது இஞ்சினைச் சுற்றித் தண்ணீரில் வானவில் நிறத்தில் ஒரு எண்ணெய்ப் படலம் மிதந்தது. பெட்ரோல் சிந்தியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒரு அம்மாவும் அவரது சின்ன மகளும் ஏறினார்கள். பாதித் தூரத்தில் கியர் பெட்டி கறகறவென்று சத்தம் போட்டு இறுகிவிட்டது. மலையிலிருந்து இறங்கிய காற்று போட்டைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு துடுப்பு. கரை சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தப் பிள்ளை அழவில்லை, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை. முதல் நாள் மாலை அரை மணி நேரம் செலவழித்திருந்தால் அது நடந்திருக்காது. அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மவுஸ்ஸாக்கலை அணை 1969இல் கட்டி முடிந்தது. பழைய மஸ்கெலியா டவுன் நீர்த்தேக்கத்துக்குள்தான் இருக்கிறது. தண்ணீர் நன்றாக இறங்கினால் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் இடிபாடுகள் வெளியே வரும், சனம் போய்ப் பார்க்கும். பக்கத்திலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கமும் அப்படித்தான், அடியில் தேயிலை மலைகள். கல் அடுக்கிய கட்டுகள், கான்கள், பழைய பாதையின் மதகுக் கற்கள், சவுக்கு மரத்து அடிக்கட்டைகள் எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. மவுஸ்ஸாக்கலைத் தண்ணீர் கெனியன் மின்நிலையத்துக்குப் போகிறது. மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் மாறும். ஆடியில் தலைக்கு மேல் தண்ணீர் நிற்கும் கட்டை, பங்குனியில் முழங்கால் ஆழத்தில் நிற்கும். நேற்று ஓடிய பாதை இன்றைக்கும் சரியாக இருக்கும் என்று எண்ணக் கூடாது.

வைகாசியில் மழை பிடித்ததும் வேறு பிரச்சினை. ஆறுகள் மரத்தை இழுத்து வரும். டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரக்கட்டை பாரமானது. ஊறிவிட்டால் முழுதாக மிதக்காது, முழுதாக அமிழவும் செய்யாது. நட்டுக்குத்தலாக நின்று, நுனி மட்டும் தண்ணீர் மட்டத்தில் தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. மூடுபனி இறங்கிய காலையில் அதைக் கண்ணால் பிடிக்கவே முடியாது. அந்த நாட்களில் நடந்து போகும் வேகத்தில்தான் நான் ஓட்டுகிறேன்.

சரி, மோதிவிட்டது. உடனே திராட்டிலைக் குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள். ரிவர்ஸ் போட வேண்டாம். முன் கியரில் ஓடும்போது அடி பட்டால் இஞ்சின் மேலே எகிறி வழி விடும். ரிவர்ஸில் கொக்கி பூட்டிக்கொள்ளும், அடி முழுவதையும் கியர் பெட்டியும் போட்டின் பின்பலகையும்தான் வாங்கும். சிலர் இஞ்சின் எகிறாதபடி கயிற்றால் இழுத்துக் கட்டி வைப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பிறகு ஆட்களைப் பாருங்கள். எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்து எட்டிப் பார்க்க விடாதீர்கள். உயிர்காப்பு அங்கி போடாதவர் யாராவது இருந்தால் அப்போதே போட வையுங்கள். அதற்கு அடுத்ததாகக் காலடித் தண்ணீர். மிதிபலகையைத் தூக்கி, அடியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். ஏறியிருந்தால் ஓட்டை இருக்கிறது. ஓட்டை முன்பக்கம் என்றால் ஆட்களைப் பின்னால் நகர்த்துங்கள், இடப்பக்கம் என்றால் வலப்பக்கம். ஓட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. துணியை இறுக்கிச் சுருட்டி உள்ளிருந்து திணியுங்கள். சவர்க்காரக் கட்டியைப் பிசைந்து வெடிப்பில் அழுத்தினாலும் கொஞ்ச நேரம் தாங்கும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் எப்போதும் ஐந்து லீட்டர் கேனைச் சரிவாக வெட்டித் தண்ணீர் இறைக்க வைத்திருப்பேன், அதோடு பழைய சாரம் ஒன்றும் இரண்டு துடுப்பும்.

போக வேண்டிய இடம் உங்கள் இறங்குதுறை அல்ல, கிட்ட இருக்கிற கரை. மூடுபனி இல்லாவிட்டால் நம் நீர்த்தேக்கங்களில் கரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் நீந்திவிடலாம் என்று நினைக்காதீர்கள், மலைத்தண்ணீர் குளிர், நீச்சல் தெரிந்தவருக்கும் கை கால் சீக்கிரம் விறைத்துவிடும்.

தண்ணீர் ஏறவில்லை என்றால் இஞ்சினை நிறுத்தி, தூக்கிப் பாருங்கள். புரொப்பெல்லரில் கை வைக்கும் முன் கில் சுவிட்ச் (இஞ்சினை உடனே நிறுத்தும் சுவிட்ச்) கயிற்றைக் கழற்றுங்கள், பிளக் வயரையும் பிடுங்கிவிடுங்கள். இதழ் வளைந்திருக்கிறதா, விளிம்பில் பல் விழுந்திருக்கிறதா, உரச்சாக்கோ நைலோன் வலையோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மெதுவாக ஸ்டார்ட் செய்து கியர் போடுங்கள். இஞ்சின் சத்தம் ஏறுகிறது, போட் நகரவில்லை என்றால், சின்ன இஞ்சினாக இருந்தால் பெரும்பாலும் புரொப்பெல்லர் பின் அறுந்திருக்கும். அது அறுவதற்காகவே வைத்த பின், அது அறுந்ததால்தான் கியர் தப்பியது. அதற்குப் பதிலாக ஆணியைப் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆணி அறாது, அடுத்த அடியில் கியர் பல் போகும். இரண்டு பின் சேர்த்து வாங்கி, இஞ்சின் மூடிக்குள் டேப்பால் ஒட்டி வையுங்கள். பெரிய இஞ்சின்களில் பின் இருக்காது, நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். அது வழுக்கினால் சத்தம் ஏறும், வேகம் வராது. ஐடிலில் மெல்ல ஓட்டினால் பெரும்பாலும் கரை வரை வரும். வேகம் கொடுத்தால் அதுவும் போய்விடும். புஷ் வழுக்குகிறதா என்று சந்தேகமாக இருந்தால், புரொப்பெல்லரின் நடுப்பகுதியிலும் அதன் வெளி உருளையிலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு இழுங்கள். ஓடிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

கூலிங் தண்ணீர் பீச்சுகிறதா என்பதையும் பாருங்கள். மோதும்போது சேறு அள்ளி, தண்ணீர் இழுக்கும் துவாரம் அடைத்திருக்கலாம். பீச்சல் மெலிந்திருந்தால் நிறுத்திவிட்டுத் துடுப்புப் போடுங்கள்.

இனிக் கரையில். எல்லோரும் விட்டுவிடுவது இந்தப் பகுதியைத்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். போட்டைக் கட்டி, இஞ்சினை நேராக இறக்கி விட்டு, ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் காத்திருங்கள். சுற்றியுள்ள தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிகிறதா? பெட்ரோல் படலம் மெல்லியது, வாசம் உடனே தெரியும், சீக்கிரம் கலைந்துவிடும். கியர் ஒயில் திரும்பத் திரும்ப ஒரே இடத்திலிருந்து மேலே வரும். பிறகு இஞ்சினைத் தூக்கி, அடியில் இருக்கும் துடுப்பு மாதிரியான தகட்டையும் கியர் பெட்டியையும் துணியால் நன்றாகத் துடைத்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். என் இஞ்சினில் அந்தத் தகடு தொடங்கும் இடத்தில் முடி அளவு வெடிப்பு இருந்தது. பெயின்ட் கீறல் என்றுதான் யாரும் சொல்லுவார்கள். அதன் வழியாக ராத்திரி முழுக்க ஒயில் போயிருந்தது.

மறுநாள் காலை, இஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன், கியர் பெட்டியின் கீழ் ஒயில் ஸ்குரூவைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ராத்திரி முழுவதும் நேராக நின்றிருந்தால் உள்ளே போன தண்ணீர் அடியில் தங்கியிருக்கும், முதல் சொட்டாக அதுதான் வரும். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, ஒயில் சீலோ பெட்டியோ பழுது. ஸ்குரூவில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் பயமில்லை. விரலில் குத்தும் துண்டு இருந்தால் கியர் பல் உடைந்திருக்கிறது, அந்த இஞ்சினை ஓட்டக் கூடாது. ஸ்குரூவைப் பூட்டும்போது புது வாசர் போடுங்கள்.

தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு நியூட்ரலில் வைத்து, ஒரு தேயிலை வாதை இதழ் நுனிக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு புரொப்பெல்லரைக் கையால் சுற்றுங்கள். மூன்று இதழும் வாதுக்கு ஒரே இடைவெளியில் போனால் நல்லது. ஒரு இதழ் மட்டும் விலகினால் இதழ் வளைந்திருக்கும். வாதைப் புரொப்பெல்லரின் நடுப்பகுதிக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள், அதுவே ஆடினால் தண்டு வளைந்திருக்கிறது. லேசாக வளைந்த தண்டோடு ஓட்டினால் அதிர்வு சீலைத் தின்றுவிடும்.

இஞ்சின் பூட்டியிருக்கும் பின்பலகையை மறக்காதீர்கள். அடி அங்கேதான் போய்ச் சேரும். போல்ட்டுகளையும் பிடிகளையும் இறுக்கிப் பாருங்கள், இஞ்சினைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். பலகை கூடவே அசைந்தாலோ, மூலையில் வெடிப்புத் தெரிந்தாலோ ஆட்களை ஏற்றக் கூடாது.

போட்டின் அடிக்கு வருவோம். கரையில் ஏற்றி, இரண்டு பழைய டயரில் வைத்து, கழுவிக் காய விடுங்கள். ஃபைபரில் அடி பட்ட இடம் நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். மேல் பூச்சு மட்டும் போயிருந்தால் பெரிய விஷயமில்லை, உள்ளே இருக்கும் கண்ணாடி நார்ப் பாய் உடைந்திருந்தால்தான் ஆபத்து. ஐந்து ரூபாய்க் குற்றியால் அந்த இடத்தையும் சுற்றியும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டிக்' என்று இறுக்கமாகக் கேட்கும். உள்ளே விட்டுப்போன இடத்தில் சத்தம் மழுங்கும். வெடிப்பின் நீளம் தெரியாவிட்டால் கரைத்த மஞ்சளைத் தடவித் துடைத்துவிடுங்கள், வெடிப்பில் மட்டும் மஞ்சள் கோடாக நிற்கும். சந்தேகம் தீரவில்லையா? போட்டுக்கு உள்ளே நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வெளியே எங்கே கசிகிறது என்று பாருங்கள். அதற்கு மேல் ஊற்ற வேண்டாம், லீட்டருக்கு ஒரு கிலோ பாரம், காய்ந்த தரையில் போட்டே பிளந்துவிடும்.

ஒட்டுவது பற்றிச் சுருக்கமாக. ஈரமான ஃபைபரில் எதை ஒட்டினாலும் உரிந்துவிடும். நம் ஊரில் ஆனி, ஆடியில் காய வைப்பதே பெரிய பாடு, குளிரில் ரெசினும் இறுகாது. அதற்காக ஹார்ட்னரை அள்ளிப் போடக் கூடாது. வெயில் வரும் வரை காத்திருங்கள், அவசரம் என்றால் வேறு போட்டை இரவல் வாங்குங்கள்.

எல்லாம் சரி என்று நினைத்ததும் முதல் ஓட்டம் தனியாக, கரையோரமாக, கால் மணி நேரம். அதிர்வு, சத்தம், பீச்சல் பாருங்கள். திரும்பி வந்து ஒயில் ஸ்குரூவை இன்னொரு தரம் பாருங்கள். போட் முன்பைவிடத் தாழ்வாக மிதக்கிறதா என்றும் கவனியுங்கள். பலகைக்கு அடியில் இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால் அப்படித்தான் தெரியும். இதற்காகவே என் போட்டில், வெறுமையாக மிதக்கும்போது தண்ணீர் தொடும் இடத்தில், வெள்ளைக் கோடு ஒன்று போட்டு வைத்திருக்கிறேன்.

கடைசியாக, மோதிய இடம். அன்று என் மாமா ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மாப்ள, நீ இடிச்ச கட்டைய நாளைக்கு இன்னொருத்தன் இடிப்பான். போய்க் குறி வச்சிட்டு வா." கரையில் தெரிந்த இரண்டு அடையாளங்களை, ஒரு பக்கம் லயத்துக் கூரை, மறுபக்கம் ஒற்றை சவுக்கு மரம், நேர்பிடித்து அந்த இடத்தைத் தேடினோம். துடுப்பு கட்டையில் தட்டியது. மஞ்சள் எண்ணெய்க் கேனைக் காலியாக்கி, மூடியை இறுக்கி, கட்டையில் நைலோன் கயிற்றால் கட்டினோம். முப்பது அடிக் கயிறு எடுத்து, அன்றைய ஆழத்துக்கு வேண்டியதை மட்டும் விட்டு, மீதியைக் கேனின் கைப்பிடியில் சுற்றி வைத்தோம். மழை வந்து மட்டம் ஏற ஏற, வாரத்துக்கு ஒரு தரம் போய் ஒரு சுற்று அவிழ்த்து விடுகிறேன்.