ஃப்ளாஷ் அடித்தும் படம் இருட்டு: என் அனுபவம்

அக்கா மகள் வளைகாப்பில் எடுத்த முதல் 30 படங்களும் இருட்டு. ஃப்ளாஷ் ஒவ்வொரு முறையும் பளிச்சென்று அடித்தது. முகங்கள் மட்டும் கறுத்துக் கிடந்தன. பேட்டரி புதிது. ஃப்ளாஷ் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஃப்ளாஷ் காம்பன்சேஷனும் பூஜ்யத்தில்தான் இருந்தது.

ஃப்ளாஷை மேனுவலுக்கு மாற்றி, முழு பவரில், பக்கத்துச் சுவரை நேராக ஒரு படம் எடுத்தேன். வெளுத்துப் போனது. கருவியில் பழுதில்லை; அப்போதுதான் மூச்சு வந்தது.

ஷட்டரைப் பார்த்தால் 1/1000 வினாடி. காலையில் வெயிலில் எடுக்கப் போட்ட ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷைப் பயன்படுத்த விடும் முறை) அப்படியே இருந்தது. அந்த முறையில் ஃப்ளாஷ் ஒரே வீச்சில் ஒளியைக் கொட்டாது. ஷட்டர் திரைகளின் இடுக்கு சென்சாரைக் கடந்து முடிக்கும்வரை விட்டுவிட்டுத் துடிக்கும். பெரும்பகுதி ஒளி திரையில் பட்டே வீணாகிறது. 1/200க்கு இறக்கியதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

மீதிச் சிக்கல், மண்டபத்தின் கூரை. ஒளி அதில் பட்டுத் திரும்பட்டும் என்று ஃப்ளாஷை மேல்நோக்கித் திருப்பியிருந்தேன். சுமார் 20 அடி உயரம். அதில் பட்டுத் திரும்பும் ஒளி எவ்வளவு தூரம் வரவேண்டும்! தூரம் இரட்டித்தால் ஒளி கால்வாசிதான். நான் வைத்திருந்ததோ லென்ஸின் திறப்பு எஃப் 8, சென்சாரின் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100. எஃப் 4, ஐஎஸ்ஓ 800 என்று மாற்றினேன். திறப்பில் 4 மடங்கு, ஐஎஸ்ஓவில் 8 மடங்கு; இரண்டும் சேர்ந்து 32 மடங்கு வெளிச்சம்.

வெள்ளை வேட்டிக் கூட்டம் மட்டும் மங்கலாகவே வந்தது. வெள்ளையைக் கண்டால் டிடிஎல் (லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃப்ளாஷைத் தானாகச் சரிசெய்யும் முறை) ஒளியைக் குறைத்துவிடும். அதற்கு ஃப்ளாஷ் காம்பன்சேஷனை +1 ஆக்கினேன்.

முதல் 30 படங்களும் ரா கோப்புகள், அதாவது சென்சார் பதிந்த தகவல் சுருக்கப்படாமல் இருப்பவை. கணினியில் வெளிச்சம் கூட்டி மீட்டேன், நிழல்களில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் இருக்கிறது.