ஷென்யாங் போர் விமானங்களை அடையாளம் காண்பது எப்படி?

1951-ல் தொடங்கிய சீனாவின் ஷென்யாங் விமான ஆலையின் வரலாறு அதன் விமானங்களின் உடலிலேயே இருக்கிறது. முதலில் வால்பக்கம் பாருங்கள். பின்சாய்ந்த இறக்கை, ஒற்றை எஞ்சின் என்றால் ஜே-5. சோவியத் போர் விமானமான மிக்-17-இன் நகல், 1956-ல் பறந்தது. ஒவ்வொரு இறக்கையின் மேற்பரப்பிலும் காற்று பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் மூன்று பட்டைகள் இருக்கும். இரண்டே இருந்தால் அது மிக்-15. இரட்டை எஞ்சின் என்றால் ஜே-6.

முக்கோண இறக்கையில்தான் பலர் தடுமாறுவார்கள். மூக்கில் காற்றுவாய் (எஞ்சினுக்குக் காற்று நுழையும் திறப்பு), ஒரே எஞ்சின்: ஜே-7. இன்னொரு சீன ஆலையான செங்டுவின் தயாரிப்பு என்றே எழுதிவிடாதீர்கள். 1966-ல் முதலில் பறந்தது ஷென்யாங்கில், உற்பத்தி பிறகே செங்டுவுக்குப் போனது. அதே தோற்றம், இரண்டு எஞ்சின், நீண்ட உடல்: 1969-ல் பறந்த ஜே-8. காற்றுவாய் பக்கவாட்டில் இருந்தால் 1984-ல் பறந்த ஜே-8 இரண்டாம் வகை. பெரிய ரேடாருக்காக மூக்கைக் காலி செய்தார்கள்.