துபாயில் வண்டியை எண்ணி டீக்கடை போடாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி போனில் வீடியோ எடுத்து வந்து காட்டினான். அல் கூஸ் பக்கம் ஒரு கடை. முன்னால் அகலமான ரோடு, வரிசை வரிசையாக வண்டி விளக்குகள். "அண்ணே, கூட்டத்தைப் பாருங்க!" என்றான். பார்த்தேன். முப்பது நொடி வீடியோவில் நடந்துபோகிற ஆள் ஒருவர்கூட இல்லை. 2014-ல் நான் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட கடையை இவன் மறுபடியும் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான்.

கஃப்டீரியா (டீக்கடைக்கு இங்கே அதுதான் பெயர்) போட வருகிறவர்களுக்கு லைசென்ஸ், இஜாரி என்கிற வாடகை ஒப்பந்தப் பதிவு, முனிசிபாலிட்டி அனுமதி பற்றியெல்லாம் அரசாங்க விண்ணப்பங்களைப் போட்டுக்கொடுக்கிற டைப்பிங் சென்டர்காரரே சொல்லிவிடுவார். செக் பவுன்ஸ் ஆகக் கூடாது என்பதும் ஊருக்கே தெரியும். அதெல்லாம் இங்கே இல்லை. இந்த ஊரில் ஆட்கள் எங்கே நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கத் தெரியாமல் செய்கிற தவறுகள் மட்டும்.

வண்டியை ஆள் கணக்கில் சேர்ப்பது

நானும் ஒரு கீழக்கரைக்காரரும் கூட்டாக எடுத்த கடை அது. ஷேக் சாயித் ரோட்டைப் பார்த்த வாசல், நடுவில் சர்வீஸ் ரோடு. வருஷ வாடகை 1,10,000 திர்ஹாம், நாலு தவணைச் செக். ஒப்பந்தம் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் நின்று வண்டிகளை எண்ண ஆரம்பித்தோம். அஞ்சு நிமிஷத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. "நூத்துல ஒருத்தன் நின்னாப் போதும்" என்றார் கூட்டாளி. புரோக்கரும் ஆமாம் போட்டார். அவருக்கு என்ன, கமிஷன் அன்றைக்கே வந்துவிடும்.

நூற்றில் ஒருவனும் நிற்கவில்லை. ஏன் என்று புரிய எங்களுக்கு மூன்று செக் ஆனது.

முதல் காரணம், வேகம். ரோடு காலியாக இருந்தால் வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும். அதாவது நொடிக்கு 28 மீட்டர். பதினைந்து அடி அகலக் கடையை அவன் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுவான். போர்டைப் பார்த்து 'ஒரு கரக் டீ அடிக்கலாமே' என்று நினைக்கும்போது எக்ஸிட் பின்னால் போயிருக்கும். திரும்பி வர அடுத்த பாலம் ஏறி, எதிர்ப்பக்கம் போய், மறுபடி சுற்ற வேண்டும். ஒரு டீக்கு யார் சுற்றுவார்?

ரோடு நெரிசலாக இருந்தால் மெதுவாகத்தானே வருவான், போர்டைப் படிப்பானே என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். எங்கள் பக்கம் போனது சார்ஜா போகிற வண்டிகள். துபாயில் வேலை, வாடகை குறைவென்று சார்ஜாவில் வீடு என்று இருப்பவர்கள். அந்த வரிசையில் ஒருமுறை இறங்கினால் மறுபடி உள்ளே நுழைவது என்ன பாடு என்பது தினமும் ஓட்டுகிறவனுக்குத் தெரியும். எங்கள் கடையைப் பார்த்துக்கொண்டே, பசியோடு, நகராமல் உட்கார்ந்திருப்பான். ஆனால் இறங்க மாட்டான். கல்லாவில் உட்கார்ந்து அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலங்களை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஹார்ன் அடித்தால் பையன் ஓடிப்போய் வண்டிக்கே டீ கொடுக்கிற வியாபாரம் இந்த ஊரில் நன்றாக ஓடும், மறுக்கவில்லை. ஆனால் அது குடியிருப்புப் பகுதியின் உள்தெருவில், வண்டி இருபதில் ஊர்ந்து வந்து கடை முன்னால் ஓரங்கட்டுகிற இடத்தில். ஹைவேயில் இல்லை.

இரண்டாவது காரணம்தான் என்னை அதிகமாகக் குத்தியது. கடைக்குப் பின்னால் லேபர் கேம்ப்கள் இருந்தன. மேப்பில் 700 மீட்டர். ஆயிரக்கணக்கான ஆட்கள், எல்லோரும் டீ குடிப்பவர்கள். அவர்களாவது வருவார்கள் என்று நம்பினோம். நேர்க்கோட்டில் இருந்தது 700 மீட்டர், நடந்தால் இருபத்தைந்து நிமிஷம். நடுவில் கிடங்குகளின் காம்பவுண்டு சுவர்கள், லாரி திரும்புகிற மணல், நடைபாதையே இல்லாத தெருக்கள். அதைவிட முக்கியமானது, அவர்களைக் கம்பெனி பஸ் சைட்டில் ஏற்றி கேம்ப் வாசலில் இறக்கிவிடும். உள்ளேயே மெஸ், பக்கத்திலேயே பக்காலா, அதாவது மளிகைக் கடை. எங்கள் தெருப் பக்கம் வர அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. எதிர்ப்பக்கத்து ஆட்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம். பன்னிரண்டு தடம் தாண்டி வர முடியாது. தப்பான இடத்தில் ரோட்டைக் கடந்தால் அபராதம் வேறு. ஒரு திர்ஹாம் டீக்கு அது கொஞ்சம் அதிகம்.

பிறகு ஒரு பதான் டிரைவர் சொன்னதைத்தான் நான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்: ரோட்டைப் பார்க்காதே, மணலைப் பார். துபாயில் கட்டடத்துக்குக் கட்டடம் நடுவே காலி மனைகள் கிடக்கும். அங்கே நடைபாதை போடவில்லை என்றாலும் ஆட்கள் நடப்பார்கள். கால் பட்டுப் பட்டு மணல் இறுகி ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கும். வேலி இருந்தால் ஒரு இடத்தில் வளைந்திருக்கும். அந்தப் பாதை எங்கே முடிகிறது, பஸ் ஸ்டாப்பிலா, பள்ளிவாசலிலா, பக்காலாவிலா என்று பின்னாலேயே நடந்துபோய்ப் பாருங்கள். புரோக்கர் உங்களோடு அந்த மணலில் இறங்க மாட்டார். தனியாகப் போங்கள்.

மெட்ரோ பக்கத்தில் என்றாலே போதும் என்பது

2009 செப்டம்பர் 9-ல் மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு, 'மெட்ரோவுக்குப் பக்கம்' என்று சொல்லியே வாடகையை ஏற்றுகிறார்கள். எந்தக் கால்வழிக்குப் பக்கம் என்று கேளுங்கள். ஹைவே ஓரத்து ஸ்டேஷன்களில் ரோட்டுக்கு மேலே பாலம் போட்டு இரண்டு பக்கமும் இறக்கிவிட்டிருக்கிறார்கள். நோல் கார்டு என்கிற பயண அட்டையைத் தட்டாமலே அந்தப் பாலத்தில் ரோட்டைக் கடக்கலாம். அதனால் ரயில் ஏறாதவர்களும் அங்கே நடப்பார்கள். ஆனால் சாயங்காலம் ஒரு பக்கப் படியில் முந்நூறு பேர் இறங்கினால், மறுபக்கம் செக்யூரிட்டி மட்டும் நிற்பார்.

இன்னொன்று. மெட்ரோவுக்குள் சாப்பிட்டாலோ குடித்தாலோ 100 திர்ஹாம் அபராதம். உள்ளே போகிறவன் கையில் டீ வாங்க மாட்டான். வெளியே வருகிறவன்தான் உங்கள் ஆள். காலையில் கூட்டம் உள்ளே போகிற வாசல் என்றால், அவர்கள் சாயங்காலம் திரும்பி வரும்வரை ஈ ஓட்ட வேண்டியதுதான்.

டிசம்பரில் கடை பார்ப்பது

டிசம்பரில் துபாயில் எல்லாத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். ஆகஸ்ட் மதியம் இரண்டு மணிக்குப் போய் நில்லுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிற ஊர் இது. பள்ளிக்கூட லீவுக்குக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். மிச்சம் இருப்பவர்கள் நிழலுள்ள பக்கமாகவே நடப்பார்கள். மேற்குப் பார்த்த கடை வாசலில் சூரியன் இறங்கும்வரை காய்ச்சி எடுக்கும். எதிர்வரிசை, கிழக்குப் பார்த்த கடைகளுக்கு மூன்று மணிக்கே கட்டட நிழல் விழுந்துவிடும். ஒரே தெரு, ஒரே வாடகை, வியாபாரம் இரண்டு விதம். வாஸ்து பார்க்கிறவர்கள் இதையும் ஒருமுறை பார்க்கலாம்.

ரமலானில் கணக்கெடுப்பது

வேண்டாம். அந்த மாதம் தனி ஊர்.

மால் கூட்டத்தை நம்புவது

பார்க்கிங்கிலிருந்து மேலே ஏறி, பார்க்கிங்குக்கே இறங்கிப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை இன்னும் பழைய வெள்ளிக்கிழமைதான் என்பது

பழைய ஆட்கள் சொல்லிக்கொடுப்பது: "வெள்ளிக்கிழமை தேரா போய்ப் பார், தலை தலையாகத் தெரியும்." அது 2021 வரைக்கும். 2022 ஜனவரியிலிருந்து அரசாங்க விடுமுறை சனி, ஞாயிறு, வெள்ளி அரைநாள் என்று மாறியது. நிறையக் கம்பெனிகள் ஆட்களுக்கான லீவை ஞாயிறுக்கு நகர்த்தின. இலவசப் பார்க்கிங்கும் வெள்ளியிலிருந்து ஞாயிறுக்குப் போனது. வெள்ளியன்று ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசல் பக்கம் ஒரு கூட்டம் வரும், கலைந்துவிடும். தேராவில் நைஃப், பனியாஸ் சதுக்கம் பக்கம் தோளோடு தோள் உரச நடக்கிற கூட்டத்தைப் பார்க்க ஞாயிறு சாயங்காலம் போக வேண்டும்.

சும்மா நிற்கிறவனை விரட்டுவது

பனியாஸ் சதுக்கத்தை இன்னும் நாசர் ஸ்கொயர் என்றே சொல்கிற ஆட்கள் அங்கே உண்டு. லீவு நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் சும்மா நிற்பார்கள். புதிதாகக் கடை போட்டவனுக்கு இது கண்ணை உறுத்தும். ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் வாசலை அடைத்து நிற்கிறானே என்று.

அவன் ஏன் நிற்கிறான்? ரூமில் ஆறு பேரோ எட்டு பேரோ. அவனுக்குச் சொந்தம் ஒரு பெட் ஸ்பேஸ், அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு. ஊர்க்காரன் பார்க்க வந்தால் உட்கார வைக்க இடமில்லை. ஆகவே தெருவுக்கு வருகிறான். ஊருக்குப் போகிறவனிடம் பார்சல் கொடுக்கிறான், கடனைத் திருப்பிக் கேட்கிறான், வேலை விசாரிக்கிறான். அங்கே தெருதான் அவனுக்குத் திண்ணை.

எனக்குத் தெரிந்த ஒருவர் வாசலில் 'கடை முன் நிற்காதீர்' என்று நாலு பாஷையில் எழுதி ஒட்டினார். நின்றவர்கள் நாலு கடை தள்ளிப் போய் நின்றார்கள். அங்கே வாசலில் ஒரு குப்பைத்தொட்டியும் தண்ணீர்க் கூலரும் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். எழுதி ஒட்டியவர் ஆறு மாதத்தில் போர்டை எடுத்தார். கூட்டம் திரும்பவில்லை. ஆனால் ஒன்று, வாசலில் நாற்காலி போட்டுவிடாதீர்கள். அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

ஸ்டேஷன் பெயரை வைத்து வழி சொல்வது

பெயரைக் கம்பெனிகளுக்கு விற்றுவிடுவார்கள். துபாய் மரினா ஸ்டேஷன் டமாக் ஆகி, மறுபடி மரினா ஆகி, இப்போது சோபா ரியல்டி. கட்டடத்தில் ஒட்டியிருக்கிற பத்து இலக்க மகானி எண்ணைக் கொடுங்கள்.

அந்தத் தம்பி வீடியோக் கடையை விட்டுவிட்டான். நேற்று ஒரு போட்டோ அனுப்பினான். அல் குசைஸில் ஏதோ ஒரு காலி மனை, குறுக்கே அருமையான ஒற்றையடிப் பாதை, நன்றாக இறுகிய மணல். அது முடிகிற இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மலையாளி ஏற்கெனவே கடை போட்டு, வாசலில் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.