வெல்வெட் காலுறை விலகாமல் தைத்தது எப்படி

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஆளுக்கொரு வெல்வெட் காலுறை தைத்து, உள்ளே சின்னச் சின்னப் பரிசுகள் போட்டுக் கொடுக்க நினைத்தேன். வெட்டும்போது கச்சிதமாக இருந்த இரண்டு துண்டுகளும் மெஷினில் ஓட்டி முடித்ததும் விரல் அகலத்துக்கு விலகி நின்றன. குண்டூசியை நெருக்கமாகக் குத்தியும் பயனில்லை.

காரணம் துணியில்தான் இருக்கிறது. நல்ல பக்கங்களை உள்ளே வைத்து அடுக்கும்போது வெல்வெட்டின் மேல் நிற்கும் மென்மையான இழைமயிர்கள் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. கீழ்த்துணியை மெஷினின் அடியில் உள்ள பற்கள் இழுக்க, மேல்துணி வழுக்கிக்கொண்டே போகும்.

கைத்தையல்தான் கைகொடுத்தது. தையல் விழும் கோட்டின் இருபுறமும் மெல்லிய ஊசியால் ஒவ்வொரு வரி நூலோட்டம் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்), இடையிடையே ஊசியைப் பின்னோக்கிக் குத்தி ஒரு பின்தையல். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்க்கவே கூடாது என்பேன். அப்புறம் மெஷினில் துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைத்து, தையல் நீளத்தை 3 மி.மீ. ஆக்கி, மயிர் படியும் திசையிலேயே இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாகத் தைத்தேன். கால்விரல் வளைவில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஓரங்கள் அப்படியே சேர்ந்து வந்தன. எவ்வளவு சந்தோஷம்!

நூலோட்டத்தை அன்றே பிரித்துவிடுங்கள். விட்டால் தடம் பதியும். இஸ்திரிப் பெட்டியையும் நேராக அழுத்தாதீர்கள், மயிர் நசுங்கிப் பளபளக்கும். குளியல் துண்டு ஒன்றின் மேல் வெல்வெட்டைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் ஆவி மட்டும் காட்டினால் போதும்.