பல் விழுந்தால் பால்: வாயில் அடிபட்டவுடன் நாம் செய்யும் தவறுகள்

அக்கா மகனுக்குப் பத்து வயது. சென்ற ஆண்டு பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் சந்தில் கிரிக்கெட் ஆடும்போது கால் இடறி, எதிர்வீட்டு கேட்டின் கம்பியில் வாய் மோத விழுந்தான். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு பெயர்ந்து மண்ணில் கிடந்தது. அதைத் தேடி எடுத்தவன் நான்தான். குழாயடிக்கு ஓடி, விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். வேரில் மெல்லிசாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். பிறகு டிஷ்யூ தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆட்டோ பிடித்து, அல்சூர் நெரிசலைத் தாண்டி, மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தாளைப் பிரித்தேன். உரித்த பூண்டு போலப் பளிச்சென்று காய்ந்து கிடந்தது பல்.

"எதில் வைத்துக் கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டார் மருத்துவர். அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

பல்லின் வேர் தாடை எலும்பில் ஆணி அடித்ததுபோல் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று இருக்கிறது. பல் பெயரும்போது அந்தச் சவ்வு கிழிந்து, ஒரு பகுதி குழியிலும் மறுபகுதி வேரிலும் தங்கிவிடும். வேரில் தங்கிய செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடியும் பிடிப்புக்கொள்ளும். அவை செத்துவிட்டால் எலும்பு நேராக வேரோடு ஒட்டிக்கொண்டு, வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். பெரியவர்களுக்கு இது பல ஆண்டுகள் எடுக்கலாம். வளரும் பிள்ளைக்கோ, தாடை வளர வளர அந்தப் பல் மட்டும் இருந்த இடத்திலேயே நின்று, பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாகத் தெரியத் தொடங்கும். நான் நகத்தால் சுரண்டி எடுத்தது அந்தச் சவ்வைத்தான்.

காற்றில் காய்வதுதான் அந்தச் செல்களுக்கு முதல் எதிரி. 5 நிமிடத்துக்குள் பல்லைக் குழியில் திரும்ப வைத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக நன்றாக இருக்கும். காய்ந்த நிலையில் 60 நிமிடம் கடந்துவிட்டால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. சாதாரணத் தண்ணீரில் போட்டு வைப்பதும் நல்லதல்ல. தண்ணீர் உள்ளே புகுந்து செல்கள் வீங்கி வெடித்துவிடும்.

ஆகவே வெள்ளையாகத் தெரியும் மேல்பகுதியைப் பிடித்துத்தான் பல்லை எடுக்க வேண்டும். வேரில் கை படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ மெதுவாக ஒருமுறை அலசினால் போதும். சோப்பு, டெட்டால், பிரஷ் எதுவும் வேண்டாம். அடிபட்டவர் தெளிவாக இருந்தால், முன்பக்கம் முன்பக்கமாகவே இருக்கும்படி பல்லைக் குழியில் மெல்ல அழுத்தி வைத்து, சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லிப் புறப்படுங்கள். கை நடுங்குகிறதா? அப்படியானால் பால். பெங்களூரில் எந்தத் தெருமுனையிலும் நந்தினி பால் பாக்கெட் கிடைக்கும். ஒன்றை வாங்கி டம்ளரில் ஊற்றி அதில் பல்லைப் போடுங்கள். பாலின் உப்பும் அடர்த்தியும் நம் உடல் நீருக்கு நெருக்கமானவை என்பதால் செல்கள் தாக்குப்பிடிக்கும். பல், பால்; கன்னடத்தில் ஹல்லு, ஹாலு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். பால் கிடைக்காத இடத்தில், அடிபட்டவரின் உமிழ்நீரையே டம்ளரில் துப்பச் சொல்லி அதில் போடலாம்.

நேரம் போய்விட்டது, இனிப் பயனில்லை என்று பல்லை எறிந்துவிடுவதும் தவறு. எங்கள் மருத்துவர் அந்தக் காய்ந்த பல்லையே பொருத்தி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினார். வேர் கரைந்தாலும் அதுவரை எலும்பின் உயரமும் அகலமும் காப்பாற்றப்படும், பையன் வளர்ந்தபின் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு அது உதவும் என்றார்.

இதற்கெல்லாம் முக்கியமான விதிவிலக்கு பால் பல். சிறு குழந்தையின் பால் பல் விழுந்தால் அதைத் திரும்ப வைக்கவே கூடாது. அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பல் கெட்டுவிடலாம். அதற்காக மருத்துவரிடம் காட்டாமலும் விடாதீர்கள். பல் காணவில்லை என்றால் அது ஈறுக்குள் ஏறிப் புதைந்திருக்கலாம்.

பெயர்ந்து விழுந்த பல்லுக்காவது ஓடுகிறோம். ஆடாமல் அசையாமல் நின்ற இடத்தில் நிற்கும் பல்லைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்கி வாயில் அடி. உதடு வீங்கியது, இரண்டு நாளில் வடிந்தது, வலி போய்விட்டது, கதை முடிந்தது என்று நினைக்கிறோம். அடியின் வேகத்தில் வேர் நுனியில் ரத்த ஓட்டம் அறுந்திருந்தால் பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள கூழ் போன்ற திசு வலியில்லாமல் சாகும். மாதங்கள் கழித்துப் பல் சாம்பல் நிறமாகும், அல்லது ஈறில் சிறு கொப்புளம் தோன்றிச் சீழ் வடியும். எனவே அடிபட்ட அன்றே பல்லைக் காட்டி, மருத்துவர் சொல்லும் தேதிகளில் திரும்பவும் போக வேண்டும்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. பயத்தில் மறுநாளே வேர்ச் சிகிச்சை (ரூட் கெனால்) செய்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குளிர்ச்சியை வைத்து உணர்வு பார்க்கும் சோதனைக்கு அடிபட்ட பல் பதில் சொல்லாவிட்டால் அது செத்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட முடியாது. 3 மாதம் வரைகூட உணர்வு திரும்ப வரலாம். வேர் இன்னும் முழுதாக வளராத பிள்ளைகளின் பல் மீண்டும் உயிர் பிடிக்க வாய்ப்பு அதிகம். வேரோடு பெயர்ந்து திரும்ப வைக்கப்பட்ட, வேர் முற்றிய பல் வேறு கணக்கு. அதற்கு 2 வாரத்துக்குள் வேர்ச் சிகிச்சை தொடங்க வேண்டும்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காயத்தில் காபித்தூளும் மஞ்சள்தூளும் வேண்டாம். கிராம்பு எண்ணெய் கிழிந்த ஈறை எரித்துவிடும். ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸை வெளியே கன்னத்தில் வைத்தால் போதும். ஆடும் பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருப்பதும், பயந்துகொண்டு பல் துலக்காமலே விடுவதும் பல்லுக்குக் கெடுதல். மென்மையான பிரஷ், மென்மையான சாப்பாடு. மண் பட்ட காயமென்றால் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

பல் உடைந்திருந்தால் துண்டைத் தேடுங்கள்; ஈரமாக வைத்துக் கொண்டுபோனால் பல சமயம் அதையே ஒட்டிவிடலாம். துண்டும் கிடைக்கவில்லை, உதடும் கிழிந்து வீங்கியிருக்கிறது என்றால், அது உதட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தையல் போட்டு மூடியபிறகு கண்டுபிடிப்பது பெரும் தொல்லை.

மயக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு இருந்தால் பல்லைப் பாலில் போட்டுவிட்டு நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அந்த நிலையில் வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். வாயை மூடும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போலப் பொருந்தவில்லை என்றால் தாடை எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். பகல் நேரத்தில், செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு, கோட்டைப் பக்கம் விக்டோரியா மருத்துவமனையை ஒட்டி அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பையனின் பல்லைக் காட்ட வேண்டிய நாட்களைப் பெரிய எழுத்தில் குறித்த சீட்டு அக்கா வீட்டுக் காலண்டரில் தொங்குகிறது. 2 வாரம், 4 வாரம், 3 மாதம், 6 மாதம், ஓராண்டு, பிறகு ஆண்டுக்கொருமுறை. மாதம் ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில் அவனைச் சிரிக்கச் சொல்லி அக்கா ஒரு படம் எடுத்து வைக்கிறாள். சென்ற மாதப் படத்தில் அந்தப் பல், பக்கத்துப் பல்லைவிட ஒரு நூலளவு மேலே நிற்கிறது.